வடிவாயிருந்தால் போதுமா? நிறங்களும் வாசிக்கும் கண்களும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, மலர், அழைப்பிதழ், பதாகை முதலியவற்றை வடிவமைக்கும் பழைய மாணவிகளுக்கும் உயர்தர மாணவிகளுக்கும் நடைபெற்ற பட்டறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கண் வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ கண்புரை பற்றியோ பேசுவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது நிறங்களைப் பற்றி. எந்த நிறத்தின் மேல் எந்த நிறத்தை வைத்தால் எழுத்துத் தெரியும், எதை வைத்தால் தெரியாது என்பதைப் பற்றி. அது சித்திரப் பாடத்துக்கு உரிய விடயம் அல்லவா என்று கேட்பீர்கள். எனக்கு அந்தப் பாடம் தொடங்கியது இந்த மைதானத்தில்தான்.

1994ஆம் ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டி. என்னுடையது மஞ்சள் இல்லம். மின்சாரம் இல்லாத, கடையில் பெயின்ற் கிடைக்காத காலம். பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் மஞ்சள் தூளைக் கஞ்சிப் பசையில் குழைத்து, வெள்ளைத் துணியில் இல்லத்தின் பெயரையும் வாசகத்தையும் எழுதினோம். பக்கத்தில் நின்று பார்த்தால் கோயில் திருவிழா மாதிரி வடிவு. மைதானத்தின் மறுகரையில் இருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் துணி. இல்லச் சோடனையைப் பார்வையிட வந்த எங்கள் சித்திர ஆசிரியை சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “நிறம் வடிவுதான். எழுத்து எங்கை பிள்ளை?” என்று கேட்டார்.

அழுகை வந்துவிட்டது. ஆசிரியை அரிக்கன் லாம்பின் சிமினியில் படிந்திருந்த புகைக்கரியை வழித்தெடுக்கச் சொன்னார். அதைத் துளி எண்ணெயில் குழைத்து ஒவ்வொரு மஞ்சள் எழுத்தையும் சுற்றி ஒரு கோடு போட்டோம். எழுத்துகள் துணியை விட்டு எழும்பி வந்தன. மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கரிக்கோடு இன்றுவரை என் மனதில் இருக்கிறது.

இருந்தும் அதை ஒருமுறை நான் மறந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து, இளைப்பாறிய ஆசிரியைகளுக்கு ஒரு கௌரவிப்பு விழா நடத்தினோம். அழைப்பிதழை வடிவமைக்கும் பொறுப்பு என்னுடையது. பாடசாலையின் நிறங்கள் மெரூனும் பொன் மஞ்சளும். மெரூன் பழைய பாணி என்று நினைத்து, மினுங்கும் கிறீம் மட்டையில் பொன் எழுத்துகளை மட்டும் மெல்லிய எழுத்துருவில் அச்சடிப்பித்தேன். எல்லோரும் புகழ்ந்தார்கள். விழாவில் ஒரு கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. அது எங்கள் சித்திர ஆசிரியைக்கு என்று வைத்த கதிரை. சுகமில்லையாக்கும் என்று எண்ணிக்கொண்டோம்.

பல மாதங்களுக்குப் பிறகு அவர் என்னுடைய கிளினிக்குக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. கிளக்கோமாவும் இருந்தது. பரிசோதனை முடிந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது, மெதுவாகச் சொன்னார்: “கார்ட் வந்தது பிள்ளை. நல்ல வடிவு. 13ஆம் திகதியை நான் 18 எண்டு வாசிச்சுப்போட்டன்.” கிழமையின் பெயர் அதைவிடச் சிறிய எழுத்தில் இருந்ததால் அது தெரியவே இல்லையாம். 18ஆம் திகதி பின்னேரம், நல்ல சேலை ஒன்றை உடுத்து, ஓட்டோ பிடித்துப் பாடசாலைக்கு வந்திருக்கிறார். படலை பூட்டியிருந்தது. காவலாளிதான் விழா முடிந்துவிட்டதைச் சொல்லியிருக்கிறார். வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அன்று வெளிநாட்டில் இருந்து வந்திருந்த, அவரோடு பல்லாண்டு காலம் ஒன்றாகக் கற்பித்த தோழி அடுத்த இரண்டு மாதத்தில் காலமானார். அவர்கள் சந்திக்கவே இல்லை.

பெயர் சொல்லாமல் இதை உங்களுக்குச் சொல்ல அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். “சொல்லு, பிள்ளையள் படிக்கட்டும்” என்றார்.

இனி விடயத்துக்கு வருகிறேன். எங்கே பிழைத்தேன்?

நிறங்கள் வேறுபட்டால் எழுத்துத் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். மஞ்சள் வேறு, வெள்ளை வேறுதானே என்று நினைக்கிறோம். ஆனால் சிறிய வடிவங்களைப் பிரித்தறியக் கண்ணுக்கு உதவுவது முக்கியமாக வெளிச்ச வேறுபாடு. எது கருமை, எது வெளிர் என்பதை வைத்துத்தான் எழுத்தின் விளிம்பைக் கண் பிடிக்கிறது. சேலைக் கடையில் கொன்ராஸ்ற் என்று சொல்வது பெரும்பாலும் நிறத்தின் வேறுபாட்டை. வாசிக்கும் கண்ணுக்குத் தேவையான கொன்ராஸ்ற் வெளிச்சத்தின் வேறுபாடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் வடிவமைப்பில் பாதிப் பிழைகள் தீர்ந்துவிடும்.

கணினித் திரையில் எல்லா நிறங்களும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவை. மூன்றும் முழு அளவில் சேர்ந்தால் வெள்ளை. அந்த வெள்ளையின் பிரகாசத்தை 100 என்று வைத்தால், ஏறத்தாழ 72 பங்கு பச்சையில் இருந்தும் 21 பங்கு சிவப்பில் இருந்தும் வருகிறது. நீலத்தின் பங்கு வெறும் 7. எங்கள் கண்ணின் இயல்பு அப்படி. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. கூட்டிப் பாருங்கள், 93. வெள்ளைக்கும் அதற்கும் வெளிச்சத்தில் வித்தியாசமே இல்லை. 1994இல் எங்கள் துணி வெறுமையாகத் தெரிந்ததன் காரணம் இதுதான். தூய நீலமோ கண்ணைப் பறிக்கும் நிறமாக இருந்தாலும் வெளிச்சத்தில் கறுப்புக்கு அண்மையில் நிற்கிறது.

இதை அளக்க ஒரு விகிதம் உண்டு. ஒரே நிறத்தின் மேல் அதே நிறம் என்றால் 1. வெள்ளையில் கறுப்பு என்றால் 21. அதுதான் உச்சம். வெள்ளையில் தூய மஞ்சள் எழுத்து 1.07. வெள்ளையில் தூய சிவப்பு 4. வெள்ளையில் தூய நீலம் 8.6. நீலத்தில் மஞ்சள் 8. நீலத்தில் சிவப்பு 2.1 மட்டுமே. இந்தக் கடைசிச் சேர்க்கையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் கண்ணுக்குள் ஒரே இடத்தில் குவிவதில்லை. அதனால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் துடிப்பது போலவும் மிதப்பது போலவும் தெரியும். நீங்கள் செய்த பதாகையைப் பார்த்து யாராவது தலையிடிக்கிறது என்று சொன்னால் கோபிக்க வேண்டாம்.

இதையெல்லாம் கணினி வருவதற்கு முன்பே ஓவியர்கள் கவனித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்தில் கற்பித்த யொஹான்னஸ் இற்றன், நிறங்களுக்கிடையே ஏழு வகையான வேறுபாடுகளை வகுத்துச் சொன்னார். சித்திரப் பாடத்தில் எதிர் நிறச் சோடிகள் என்று படித்திருப்பீர்கள்: மஞ்சளும் ஊதாவும், செம்மஞ்சளும் நீலமும், சிவப்பும் பச்சையும். ஜெர்மானியக் கவிஞர் கோதே இந்த நிறங்களின் பிரகாசத்துக்குக் கொடுத்த எண்களை இற்றன் எடுத்தாண்டார். மஞ்சள் 9, ஊதா 3. செம்மஞ்சள் 8, நீலம் 4. சிவப்பு 6, பச்சையும் 6. மூன்றுமே எதிர்ச் சோடிகள்தான். ஆனால் சிவப்பும் பச்சையும் வெளிச்சத்தில் சமம். ஆகவே மஞ்சளில் ஊதா எழுத்து வாசிக்கும். பச்சையில் சிவப்பு எழுத்து அடிபடும். நத்தார் வாழ்த்து அட்டைகளைச் செய்யும் தங்கைமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறம் தனியே நிற்பதில்லை, அயலைப் பொறுத்து மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். பாரிசில் கொபலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷெல் செவ்ரல் என்ற இரசாயன அறிஞர். கறுப்புச் சாயம் சில துணிகளில் மங்கித் தெரிகிறது என்று முறைப்பாடு வந்தது. சாயத்தைச் சோதித்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை மங்கச் செய்தன. இதை ஆராய்ந்து 1839இல் அவர் எழுதிய நூல் பின்வந்த ஓவியர்களுக்குப் பாடமாயிற்று. செவ்ரல் 102 வயதுவரை வாழ்ந்தவர் என்பதை நூற்றாண்டு விழாவில் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் நெசவாளர்களுக்கு இது கைவந்த கலை. ஒரே மாம்பழ மஞ்சள், பச்சைக் கரையோடு ஒரு விதமாகவும் அரக்குக் கரையோடு வேறு விதமாகவும் தெரிவதைச் சேலை தெரிவு செய்யும் எல்லோரும் அறிவோம்.

இவ்வளவும் நல்ல கண்ணுக்கு. இனி எங்கள் ஆசிரியையின் கண்ணுக்கு வருவோம்.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது. பிறகு கலங்குகிறது. மஞ்சளித்த வில்லை நீல ஒளியைத் தடுக்கும். கலங்கிய வில்லை வெளிச்சத்தைச் சிதறடித்து, கறுப்பைச் சாம்பலாக்கி வெள்ளையையும் மங்கச் செய்யும். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேக்குப் புரை முற்றிய காலத்து ஓவியங்களைப் பாருங்கள். சிவப்பும் மண்ணிறமுமாகக் குழம்பிக் கிடக்கும். 1923இல் அவருக்குச் சத்திர சிகிச்சை செய்தார்கள். ஓர் ஓவியருடைய கண்ணுக்கே இந்த நிலை என்றால், அழைப்பிதழ் வாசிக்கும் எங்கள் அம்மாமாரின் கண்ணுக்கு எப்படி இருக்கும்?

கிளினிக்கில் நீங்கள் வழமையாக வாசிக்கும் அட்டையில் எழுத்துகள் வரவரச் சிறுக்கும். எல்லாம் கருங்கறுப்பு. பெல்லி, றொப்சன் என்ற இருவரின் பெயரால் 1988இல் வந்த வேறோர் அட்டை உண்டு. அதில் எல்லா எழுத்தும் ஒரே அளவு. மூன்று மூன்றாக வெளிறிக்கொண்டே போகும். முதல் அட்டையில் கடைசி வரிக்கு அண்மைவரை வாசித்துவிட்டு, இந்த அட்டையில் பாதியில் நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். “கண் நல்லாத் தெரியுது டொக்டர், ஆனா பின்னேரத்தில படியள் தெரியேல்லை” என்று சொல்பவர்கள் இவர்கள்தான். கிளக்கோமாவிலும் இந்தத் திறன் குறையும்.

வாசிப்பதற்கு எவ்வளவு வேறுபாடு தேவை? இணையப் பக்கங்களை யாவரும் வாசிக்க வேண்டும் என்று உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 என்றும் பெரிய எழுத்துக்கு 3 என்றும் சொல்கிறது. பெரிய எழுத்து என்றால் 18 புள்ளி, தடித்த எழுத்தானால் 14 புள்ளி. 4.5 என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? நல்ல கண்ணுக்கு 3 போதும் என்று வைத்து, ஏறத்தாழ 80 வயதில் வழமையாகக் காணப்படும் பார்வை இழப்பை ஈடுசெய்ய அதை ஒன்றரை மடங்காக்கியிருக்கிறார்கள். பார்வை அதைவிடக் குறைந்தவர்களுக்காக 7 என்ற உயர் அளவும் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் 80 வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் வழமையாகக் கிடைக்கும் பொன் மஞ்சளை வெள்ளையின் மேல் வைத்துக் கணக்குப் பார்த்தேன்: 1.4. கிறீமில் அதைவிடக் குறையும். மினுங்கும் மட்டை என்றால் லைற் வெளிச்சம் பட்டு இன்னும் கெடும். அதே பொன் மஞ்சளின் மேல் மெரூன் எழுத்து: 7.8. வெள்ளையில் மெரூன்: ஏறத்தாழ 11. பாடசாலையை ஆரம்பித்தவர்கள் கையில் கணிப்பான் இல்லாமலே தெரிவு செய்த இரண்டு நிறங்கள், எந்த வயதுக் கண்ணும் வாசிக்கக்கூடிய சோடி. அதில் ஒன்றைப் பழைய பாணி என்று தள்ளிவைத்தவள் நான்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் கவனம் தேவை. எங்கள் எழுத்தில் புள்ளி சிறிது. ஆனால் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். ன, ண என்பவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஒரு சுழி. மெல்லிய எழுத்துருவும் வெளிர் நிறமும் சேர்ந்தால் முதலில் மறைவது புள்ளியும் சுழியும்தான். இலக்கங்களில் 3, 8 இரண்டும் ஒன்றாகும். அது எனக்குத் தெரிந்த பாடம்.

நிறக்குருடு பற்றியும் இரண்டு வார்த்தை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாமை பெரும்பாலும் எக்ஸ் நிறமூர்த்தத்தால் கடத்தப்படுகிறது. வட ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் 100 பேரில் 8 பேருக்கு இருக்கிறது. பெண்களில் 200 பேரில் ஒருவருக்கு. எங்கள் பக்கத்து ஆண்களில் இது சற்றுக் குறைவு. பெண்கள் பாடசாலைக்கு இது தேவையில்லை என்று எண்ணாதீர்கள். எங்களுக்கு அறிகுறி இல்லாமலே நாங்கள் அதைக் காவுகிறோம். காவியான தாயின் ஒவ்வொரு மகனுக்கும் அது வர அரைவாசி வாய்ப்பு இருக்கிறது. இல்லப் புள்ளிகளைச் சிவப்பு, பச்சைக் கட்டங்களால் மட்டும் காட்டினால், மைதானத்தில் நிற்கும் எங்கள் மகனுக்கோ தம்பிக்கோ யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று தெரியாது.

என் துறையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கண் மருந்துப் போத்தல் மூடிகளுக்கு நிற ஒழுங்கு இருக்கிறது. கண்மணியை விரிக்கும் மருந்துக்குச் சிவப்பு. சுருக்கும் மருந்துக்குப் பச்சை. நேர் எதிரான இரண்டு வேலைக்கு, சிலருக்கு ஒன்றாகத் தெரியக்கூடிய இரண்டு நிறங்கள். நிறம் நல்ல துணை. ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். என்னிடம் வரும் முதியவர்களின் மருந்து உறைகளில் “காலை”, “இரவு” என்று தடித்த கறுப்பு மையால் எழுதிக் கொடுப்பது அதனால்தான்.

இப்போது இந்த மலருக்கும் விழாவுக்கும் வேலை செய்யும் உங்களுக்கு ஆறு விடயங்கள்:

1. முதலில் கறுப்பு வெள்ளையில் வடிவமையுங்கள். அதில் நின்றால் பிறகு நிறம் ஊட்டலாம்.

2. முடிந்ததைத் தொலைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அல்லது கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். மறைகிற எழுத்து முதியவர்களுக்கும் மறையும்.

3. விகிதத்தைக் கணக்கிடும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. 4.5க்குக் கீழே போக வேண்டாம். திகதி, நேரம், இடம் மூன்றுக்கும் 7 இருக்கட்டும்.

4. பாடசாலைக் கட்டடப் படத்தின் மேல் நேரடியாக எழுத வேண்டாம். கடும் நிறப் பட்டை ஒன்றைப் போட்டு அதன் மேல் வெள்ளையில் எழுதுங்கள்.

5. நிறத்தால் மட்டும் எதையும் உணர்த்த வேண்டாம். பெயரோ அடையாளமோ கூட இருக்கட்டும்.

6. அச்சுக்குக் கொடுக்கு முன், உங்களுக்குத் தெரிந்த மிக வயதான பழைய மாணவியிடம் பின்னேர வெளிச்சத்தில் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம்.

பொன் எழுத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெரூன் மட்டையில் பொன் எழுத்துப் போடுங்கள், கம்பீரமாக இருக்கும். வெளிர் நிறங்களைப் பூவுக்கும் கோலத்துக்கும் கரைக்கும் தாராளமாகப் பாவியுங்கள். வாசிக்க வேண்டிய இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் ஆசிரியைக்கு இரண்டு கண்ணிலும் புரை அகற்றினேன். முதல் கட்டு அவிழ்த்த அன்று என் சேலையைப் பார்த்து, “இவ்வளவு நாளும் இந்த நீலத்தைப் பச்சை எண்டெல்லோ நினைச்சன்” என்றார். ஆனால் கிளக்கோமா கொண்டுபோன பார்வையை எந்தச் சத்திர சிகிச்சையாலும் மீட்க முடியாது. மங்கலான எழுத்து அவருக்கு இனியும் மங்கல்தான். அவருடைய கண்ணை இதற்கு மேல் என்னால் திருத்த முடியவில்லை. அழைப்பிதழைத் திருத்த முடியும். அதை நீங்களும் செய்யலாம். அதற்கு வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை.

நூற்றாண்டு விழா அழைப்பிதழின் மாதிரியைச் சென்ற கிழமை அவரிடம் கொண்டுபோனேன். வெள்ளையில் மெரூன் எழுத்து, சுற்றிவரப் பொன் கரை. யன்னலடியில் வைத்துத் திகதி, கிழமை, நேரம் மூன்றையும் உரக்க வாசித்தார். பிறகு மட்டையைத் திருப்பிப் பார்த்து, “பின்பக்கத்தில தொலைபேசி இலக்கம் இன்னும் சின்னனாக் கிடக்கு” என்றார். திருத்திவிட்டோம்.

விழா அன்று முன்வரிசையில் அவருக்குக் கதிரை போட்டிருக்கிறோம். வருவார்.